குழலுக்கு அடியில் எழுதியிருந்தது

எங்கள் கடையில் பெண்களுக்குக் காப்பி இலவசம். ஆண்களுக்கும் இலவசம்தான், ஆனால் அவர்கள் தாங்களே ஊற்றிக் குடிக்க வேண்டும். பெண் என்றால் நானே ஊற்றி, சர்க்கரை எத்தனை என்று கேட்டுக் கையில் கொடுப்பேன். வெர்லின் டீக் மரியாதை தெரியாதவன் என்று இந்த ஹோலிஸ் க்ரீக்கில் ஒருவரும் சொன்னதில்லை. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

துப்பாக்கிக் கடைக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். அத்தனை வருஷம் நின்றவனுக்கு மனிதர்கள்மேல் பெரிய மதிப்பு இருக்காது. ஆண்கள் வருவார்கள், தொலைக்காட்சியில் பார்த்ததைத் தவிர வேறெதுவும் தெரியாது, பீரங்கி மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். சட்டைக்குள் மறைப்பது எப்படி என்று என்னிடமே கேட்பார்கள். அவர்கள் தொப்பைக்கு அடியில் சமையலறை அடுப்பையே மறைக்கலாம். பெண்கள் வந்தால் கூடவே ஒரு புருஷனோ அண்ணனோ வருவான். நான் அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்வான்.

தனியாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். லேசாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், பையில் இருப்பது தெரியக் கூடாது. அதற்கு என்னிடமும் ஒரே பதில்தான். மூன்றாவது தட்டில் இருக்கும் ஐந்து தோட்டா ரிவால்வர். எடை ஒரு ராத்தலுக்கும் குறைவு. கையில் வைத்த உடனே முகம் மலர்ந்துவிடும். கனத்தை எடுத்துவிட்டால் சுடும்போது வரும் உதை எங்கே போகும் என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை. அது மணிக்கட்டுக்குப் போகும். கனமான துப்பாக்கி உதையை வாங்கிக்கொள்ளும், லேசானது அப்படியே கைக்குக் கடத்திவிடும். புதிதாகச் சுடக் கற்கிறவர்களுக்கு அதைவிட மோசமானது கடையில் வேறு கிடையாது. இது எனக்குத் தெரியும், கடையில் என்னோடு வேலை பார்க்கும் டாயலுக்கும் தெரியும். ஆனாலும் பெண் என்று கதவைத் திறந்து வந்தால் அதைத்தான் தலையில் கட்டுவோம். இந்தப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் வழக்கம் இதுதான், நான் கண்டுபிடித்ததல்ல.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் கூடம் இருக்கிறது. அங்கே எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. பெண்ணின் முதல் குண்டுக்குக் கனமான தோட்டா ஒன்றே ஒன்று போட்டுக் கொடுப்போம். கீழே போடுவாளா, மாட்டாளா என்று பந்தயம். பெரும்பாலும் வீலென்று கத்திக் கீழே போட்டுவிடுவார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு உதை குறைந்த, மெதுவான தோட்டா கொடுப்போம், அதைச் சுட்டதும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது, பணத்தை எடுத்துவிடுவார்கள். பந்தயத்தில் தோற்றவன், வெடிச்சத்தம் தாங்கப் பெண்களுக்கென்று வைத்திருக்கும் இளஞ்சிவப்புக் காதுமூடியைக் கடை மூடும்வரை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டாயல் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறான். நான் மாட்டியதில்லை. நான் எப்போதும் கீழே போடுவாள் என்ற பக்கம்தான்.

நெல்டா ரக்கர் வந்தது மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்த கையோடு. உங்கள் பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளியில் படித்திருந்தால் அவள் கையால்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள். மேலெல்லாம் வெங்காய வாடை. இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. அது அவள் பழைய புருஷன் கோய் போட்டது என்று ஊருக்கே தெரியும். அவன் கிட்டே வரக் கூடாது என்று நீதிபதி எழுதிக் கொடுத்த தாளை எனக்கும் காட்டினாள்.

"இந்தத் தாள வெச்சு நான் என்ன பண்றது, வெர்லின்? அவன் மேல தூக்கி எறியக்கூட இதுல கனம் பத்தாது," என்றாள்.

"என்ன மாதிரி வேணும் உனக்கு?"

"லேசா இருக்கணும். பையில கெடந்தா தெரியக் கூடாது. நாள் பூரா நின்னுட்டு வர்றவ நான், அதையும் வேற சொமக்க முடியாது."

"ஒனக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு இருக்கு," என்றேன். காப்பி கொடுத்தேன். சர்க்கரை இரண்டு.

கூடத்தில் டாயலும் வாடிக்கையாக வரும் மூன்று பேரும் சுவரோரமாகச் சாய்ந்து நின்றார்கள். நான் கனமான தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். அவள் சுட்டாள். துப்பாக்கி மேலே எகிறியது, அவள் கை விடவில்லை. இருபது வருஷமாக அண்டா அண்டாவாகச் சூப் இறக்குகிறவள், மணிக்கட்டு அப்படி. நான் அதை யோசித்திருக்க வேண்டும். அந்த மூன்று பேரும் சுவரைத் தட்டிச் சிரித்தார்கள். டாயல் இருக்கிறானே, அவன் வாயில் எதுவும் தங்காது, பந்தயத்தையே அவளிடம் சொல்லிவிட்டான். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் தன் தலையிலிருந்த இளஞ்சிவப்புக் காதுமூடியைக் கழற்றி என் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் சரிபார்த்தாள்.

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கு வெர்லின். கண்ணுக்கு எடுப்பா இருக்கு," என்றாள்.

நான் கோபப்படவில்லை. சிரித்தேன். டாயலைக் கேளுங்கள், நான் சிரித்ததை அவன் பார்த்தான்.

பிறகு வேறு காதுமூடி கொடுத்து மெதுவான தோட்டாக்கள் போட்டேன். நாலு சுட்டுவிட்டு நிறுத்தினாள். "மொதல்ல குடுத்தியே, அதையே குடு. அதத் தாங்கிட்டேன்ல? கோய் ஆறடி மூணங்குலம். இத வெச்சுச் சுட்டா கொசு கடிச்சிருச்சுன்னு சொறிஞ்சுக்குவான்." சரி என்று கனமான தோட்டா ஒரு பெட்டி எடுத்து வைத்தேன். கேட்டது அவள். நானாக எடுத்து நீட்டவில்லை.

பணம் கொடுக்கும் முன் அவள் ஒரு காரியம் செய்தாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பி, குழலுக்கு அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தாள். அந்த ரகத்தில் முந்நூறுக்குக் குறையாமல் விற்றிருக்கிறேன் மேடம். அதைப் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எழுத்து இருப்பதே யாருக்கும் தெரியாது.

"இதுல குண்டு எடை நூத்தி இருபதுக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கே. நீ குடுத்த பெட்டியில நூத்தி அம்பத்தெட்டுன்னு இருக்கு. இது சரிப்படுமா?"

உங்களுக்கும் தெரிந்திருக்காது, சொல்கிறேன். அத்தனை லேசான துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால், ஒன்று வெடித்து உதைக்கும் உதையில், தோட்டா செருகும் உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் ஈயத்தலை உறையிலிருந்து முன்னால் நழுவிவிடும். நழுவிய தலை உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் உருளை சுற்றாது. உருளை சுற்றாவிட்டால் விசை நகராது. அதனால்தான் அதைக் குழலிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டித் தோட்டாவை அந்த ரகத்தில் நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் குண்டு போகும். இரண்டாவது போகாது. பந்தயத்துக்கு ஒன்றே ஒன்று மட்டும் போட்டுக் கொடுப்பதும் அதனால்தான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ சரியாகப் படித்தாய் நெல்டா, உன்னைக் கீழே போட வைப்பதற்காகப் போடக் கூடாததைப் போட்டேன் என்றா? நாலு ஆண்பிள்ளைகள் முன்னால், தலையில் அந்தக் காதுமூடியோடு?

"அது கம்பெனிக்காரன் கணக்கு, நெல்டா. நீ தெறக்கற தக்காளி டப்பாக்கு அடியில நம்பர் இருக்குமே, அந்த மாதிரி," என்றேன்.

"அட, நான் ஒருத்தி," என்று சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். டாயல் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும். அவனையும் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது அவளுக்கு நல்ல புத்திதான் சொன்னேன்: பழகுவதற்கு மெதுவான தோட்டா போதும், கனமானதை வீணாக்காதே, அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். எல்லோருக்கும் சொல்வதுதான் அது.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது.

"தொந்தரவு பண்றேன்னு நெனைக்காத வெர்லின். அந்த நூத்தி இருபது மனசுல கெடந்து உறுத்துது. நெசமாவே ஒண்ணும் ஆகாதா?"

"எத்தன வருஷமா இதே வேலையில இருக்கேன் நான்?"

"அதுக்குத்தான ஒன்னக் கேக்கறேன். வேற யாரப் போய்க் கேப்பேன்?"

"கேட்டுட்டல்ல? நிம்மதியாப் போயிப் பசங்களுக்கு மக்ரோனியப் போடு."

அப்போது சொல்லியிருக்கலாம்தான். டாயல் பக்கத்தில் நின்றான். அந்தக் காதுமூடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அடியில் என் பெயரை எழுதி வைத்திருந்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைக் கேட்டான், டாயல் ஒவ்வொருவனுக்கும் கதையைப் புதிதாகச் சொன்னான். ஏழு மாதம், மேடம். அந்த ஏழு மாதமும் அவள் வீட்டு எண் என் மேசை இழுப்பறையில், அவள் நிரப்பிக் கொடுத்த தாளில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொன்னால் மறுநாளே அது ஒரு புதிய கதையாகிச் சுவரில் ஏறும் என்று தெரியும். ஊரில் மூளை இல்லாதவர்கள் வாயால் நான் கெட வேண்டுமா?

கோய் ரக்கர் வந்தது மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம், காலை பத்து மணி. டாயல் தபால் நிலையத்துக்குப் போயிருந்தான். காட்டில் போடும் ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று வேண்டும் என்றான். கையோடு ஒரு கைத்துப்பாக்கியையும் காட்டச் சொன்னான். அவனுக்கு எதுவும் விற்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. நான் கண்ணாடி மூடியைத் திறக்கவே இல்லை. சட்டம் என்றால் சட்டம்தான் எனக்கு.

"நெல்டா இங்க எதாச்சும் வாங்கினாளா?" என்று கேட்டான்.

"வாங்குறவங்க பேர வெளிய சொல்ற வழக்கமில்ல கோய்."

அவன் பார்வை சுவருக்குப் போனது. டாயல் பரப்பிய கதை, பெண்ணின் பெயர் இல்லாமல், அவன் காதுக்கும் போயிருக்கிறது; காதுமூடியையும் என் பெயரையும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யாருப்பா அந்தப் பொம்பள? ஒன் தலையில பூ வெச்சு அனுப்பியிருக்கா!" ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவன், மாமியார் வீட்டுக் காரையே மூன்று தடவை மரத்தில் மோதியவன், அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஒரு சமையல்காரி என்றேன். பூ வைத்தது அவள்தான், ஆனால் ஏமாந்தது யார் என்று கேள் என்றேன். "பையில அஞ்சு தோட்டாவோட சுத்தறா. ஒண்ணுதான் வெடிக்கும். அதுக்கப்பறம் அது காகிதம் பறக்காம மேல வெக்கிற கல்லு."

கோய் சிரிப்பை நிறுத்தினான். "ஒண்ணுதானா?" என்று கேட்டான்.

"ஒண்ணுதான்."

மேல்சட்டைக்குப் பணம் கொடுத்தான். காப்பியைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டுப் போனான்.

தோட்டா விஷயத்தை அதற்கு முன்னால் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவனுக்கு மட்டும்தான் சொன்னேன். அவன் யார், எதற்காகக் கேட்கிறான் என்று தெரியாமல் சொன்னேன் என்று உங்களுக்குக் காது குத்த மாட்டேன். தெரிந்துதான் சொன்னேன். அவன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனதும் எனக்கு நன்றாக இருந்தது. அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சலவைக்கடை வாசலில் நடந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அவன் டயர் கழற்றும் இரும்போடு வந்தான். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டாள். தோளில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. நின்று திரும்பி ஓடியிருக்க வேண்டியவன், "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணிவிட்டு அவளை நோக்கி நடந்தான் என்று துணி காயப்போட்ட பெண் சாட்சி சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். கடைசி மூச்சுவரை அவள் நகராத விசையை இழுத்துக்கொண்டே இருந்தாளாம். அதில் ஆச்சரியம் என்ன? அந்தக் கை எதையும் கீழே போடாது.

நீங்கள் அவள் கைப்பையிலிருந்து எடுத்த அந்தத் துண்டுச் சீட்டை நானும் பார்த்தேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கம். 'குழலில் 120. பெட்டியில் 158. வெர்லினிடம் இரண்டு தரம் கேட்டாச்சு. ஒன்றும் ஆகாதாம்.' பென்சிலில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறாள். என் பேச்சை இத்தனை மதித்து இந்த ஊரில் யாரும் எழுதி வைத்ததில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். நான் கெட்டவன் இல்லை. அவள் இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.