மூன்றாவது அளவு

என் கையெழுத்து சுமார்தான். அந்த நோட்டில் எங்காவது புரியவில்லை என்றால் கேளுங்கள், படித்துக் காட்டுகிறேன். மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பில் திருத்தக் கொடுத்த நோட்டு அது. ஆசிரியர் அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னவர் அவர்தான். பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்றார்.

பகலில் நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரே தண்ணீரை மூன்று முறை அளப்போம். மூன்றும் ஒத்துப்போனால்தான் அறிக்கையில் ஏறும். என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. அதனால் அந்த விதி எனக்குப் பிடிக்கும்.

வகுப்பில் என் பக்கத்து இருக்கை தையல்காரம்மாவுடையது. மனு எழுதப் பழக வந்தவர். ஒரு நாள் எழுந்து நின்று தான் எழுதியதை வாசித்தார். அவர் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பத்தொரு வருடத்துக்கு முன், காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி இயக்கத்துக்காரர்கள் மூன்று பேர் அவரை வாசலிலிருந்து கூட்டிப்போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. வந்தவர்களில் ஒருவருக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

என் பெரியப்பாவுக்கும் பாதிதான். மெஷினில் மாட்டியது என்பார்கள் வீட்டில். எந்த மெஷின் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உன்னைப் படிக்க வச்ச மனுஷன். பழசைக் கிளறாம வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

எங்கள் வீட்டிலேயே இருந்த பெரியப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். விரலில் மாட்டும் கவ்வி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும். நல்ல விரலாகப் பார்த்து மாட்டுவோம். நான் ஐந்தரைக்கு வருவேன். அம்மா வர ஆறரை ஆகும்.

"வாங்க விஞ்ஞானி, இன்னிக்கு யாரு வீட்டுத் தண்ணி கெட்டுப்போச்சு?" என்பார் பெரியப்பா.

முதல் நாள் சும்மாதான் கேட்டேன், அந்த அச்சகத்து மனிதரை எங்கே போட்டீர்கள் என்று. சிரித்தார். இரண்டாம் நாள் ஆக்சிஜன் இயந்திரத்தின் குமிழை மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பிவிட்டுக் கேட்டேன். கவ்வியில் எண்பத்தெட்டு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்றாம் நாள் ஒன்றுக்குத் திருப்பினேன். எழுபத்தொன்பது. என் முகத்தையே பார்த்தார்.

"நாங்களும் இப்படித்தான் கேட்டோம்," என்றார். பிறகு இடத்தைச் சொன்னார். உடனே குமிழைப் பழையபடி வைத்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

அவர் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொன்னால், எதற்காக என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காம் நாளும் ஒன்றில் வைத்தேன். அதே இடத்தை அதே வார்த்தைகளில் சொன்னார்.

"ஒரு தடவை சொன்னா பத்தாதாடி உனக்கு?"

பத்தாது என்று காரணத்தோடு விளக்கினேன். வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"அவனும் உண்மையைத்தான் சொன்னான்மா. நாங்கதான் நம்பல."

அதை எழுதிக்கொண்டேன். ஆனால் என் கேள்வி அதுவல்ல.

ஐந்தாம் நாள் சுவிட்சையே அணைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், குரலை உயர்த்தாமல். பதினோரு நிமிடத்தில் கவ்வியில் எண் போய் வெறும் கோடு வந்தது. சுவிட்சைப் போட்டு, குமிழை மூன்றில் வைத்து, கவ்வியைத் துடைத்து எடுத்து வைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தியாமே கண்ணு. அது எல்லாருக்கும் கிடைக்காதும்மா."

அவருக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அது எந்த இடம் என்று நீங்கள் நான்காவது முறையாகக் கேட்கிறீர்கள். நோட்டில் அந்த வரியை மட்டும் நான்தான் மையால் அடித்தேன். என்னிடம் இரண்டு அளவுகள்தானே இருக்கின்றன. உறுதியாகாத ஒன்றைச் சொல்லி அந்த அம்மாவை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.