இடது காலை வைத்து வந்தவள்

இன்ஸ்பெக்டர் ஐயா, உள்ளே வரும்போது நீங்கள் இடது காலை முதலில் வைத்தீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள். இதைக் கவனிப்பது என் தொழில் பழக்கம்.

அருமனையில் விஷவைத்தியர் பொன்னுலிங்க ஆசான் கைவைத்த பாம்புக்கடி ஒன்றுகூடச் செத்ததில்லை என்பார்கள். உண்மைதான். சாகக்கூடியதில் நான் கைவைப்பதில்லை. கடிக்கிறதில் பெரும்பாலும் விஷமில்லாத பாம்பு. என் பச்சிலையிலும் பிழைப்பார்கள், இல்லாமலும் பிழைப்பார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி 'விஷஹர சிரோன்மணி' பட்டம் கொடுத்த தலைவரைக் கடித்தது தண்ணீர்ப் பாம்பு.

இமை சரிகிறது, ஈறில் ரத்தம் வருகிறது என்று சேதி வந்தால் மட்டும், சேதி சொல்ல வந்தவர் காலைப் பார்ப்பேன். இடது கால் முந்தியிருக்கும், அல்லது தெற்கே பார்த்து நின்றிருப்பார், அல்லது அழுதிருப்பார். 'தூதுக் குறி சரியில்லை' என்று கையை விரித்துவிடுவேன். பதறி ஓடிவருகிறவர் காலை எண்ணியா வைப்பார்?

இதில் ஊருக்கும் நன்மைதான். காரணமில்லாத சாவை மனிதனால் தாங்க முடியாது. கோணல் காரணமானாலும் ஒன்று கிடைத்தால்தான் சோறு இறங்கும். பிழைத்தவனை ஊர் என் பேரில் நினைவு வைக்கும். செத்தவனைத் தலையெழுத்தோடு சேர்த்துவிடும். மனுஷ புத்தி நேராக இருந்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

ஐம்பத்திரண்டாம் வருஷம், ரப்பர் பால் வெட்டுகிற செல்வதாஸைக் கண்ணாடி விரியன் கடித்தது. பெண்டாட்டி நேசபாய் ஓடிவந்தாள். இடது கால். பஸ் நிற்கிறது, அக்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். அங்கே விஷமுறிவு ஊசி வந்திருப்பது எனக்குத் தெரியும். நான் கைவிட்டவன் அங்கே பிழைத்தால் என் குறி என்னாவது?

"ஆத்தத் தாண்டினா விஷம் தலைக்கேறும் மக்கா. வீட்டுலயே கெடக்கட்டும்," என்றேன்.

மறுநாள் அடக்கம். அதற்குப் பிறகு அவள் எந்த வாசலிலும், தன் சர்ச் வாசலிலும்கூட, குனிந்து காலைப் பார்த்துத்தான் நுழைவாள்.

சென்ற ஆடியில், ஆற்றங்கரையில் என் மகள் சண்முகவடிவை விரியன் கடித்தது. சேதியோடு வந்தவள் நேசபாய். வாசலில் நின்று மூச்சை அடக்கினாள். வலது காலை வைத்து, கிழக்கே பார்த்து, அழாமல் சொன்னாள். நான் குறி பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாடகைக் கார் பிடித்து ஆற்றைத் தாண்டினேன். ஊசி போட்டார்கள். என்னை அடையாளம் கண்ட டாக்டர்தான் என்மேல் உங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறார். படித்த மனிதர்.

மகள் வீடு திரும்பியதும் நேசபாய் வந்தாள்.

"ஆத்தத் தாண்டியும் வடிவு பிழைச்சிட்டாளே ஆசானே?"

"நீ வலது கால வச்சு வந்தியா, அதான் ஆறு வழிவிட்டுது."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அவியளக் கொன்னது நான்தானா?"

"ஆமா மக்கா," என்றேன்.

செல்வதாஸைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவளுக்கு நெஞ்சு தாங்காது.