ரெண்டாவது டிகாக்ஷன்

“பிளாட்பாரத்துல படுக்கறவங்களுக்கு ரெண்டாவது டிகாக்ஷனே போதும் மாமி.”

மயிலாப்பூரில் காலைக் காபிக்கு வரிசையில் நின்றபோது கடைக்காரர் சொன்னது இது. எனக்கு முன்னால் நின்ற மாமியின் கையில் ‘ஒரு காபி’ என்று எழுதிய துண்டுச் சீட்டுகள் இருந்தன. நாம் குடிக்கும்போது இன்னொரு காபிக்கும் பணம் கொடுத்தால் ஒரு சீட்டைச் சுவரில் ஒட்டுவார்களாம். வீடில்லாதவர் யாரும் அதைக் கிழித்துக் கொடுத்துக் காபி வாங்கிக்கொள்ளலாம். மாமியின் ஏற்பாடு; அன்றுதான் ஆரம்பம்.

“முழுக் காசும் வாங்கிண்டு, ஒரு தடவை இறக்கின பொடியிலயே மறுபடி வெந்நீர் விடுவேளா?” என்றார் மாமி.

“அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?”

எரிச்சலாக வந்தது. ஆனாலும் தெரியுமா தெரியாதா என்று பார்க்க, என் காபி வந்த பிறகும் நகராமல் நின்றேன்.

எதிர் பஸ் ஸ்டாப்பில் படுக்கும் அம்மா ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த முதல் சீட்டைக் கிழித்து நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கல்லா மேல் வைத்தார்.

“இன்னா நைனா, டம்ளர் கழுவுன தண்ணியா இது?”

“ஓசில குடிக்கறதுக்கு நாக்கப் பாரு!” என்றார் கடைக்காரர்.

“ஓசியா? யாரோ நல்ல காபிக்குக் காசு குட்த்துட்டுப் போய்க்கீறாங்க. தண்ணிய எனக்கு ஊத்திட்டு மீதிய நீ வச்சிக்கினே. அப்ப ஓசில துன்றது யாரு?”

கடைக்காரர் அந்த டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, முதல் டிகாக்ஷன் இருந்த பாத்திரத்தைத் திறந்தார்.

“சக்கர கம்மியா போடு,” என்றார் அந்த அம்மா.