பத்து மணிப் பதிவு

— அக்கா, நம்ம வெள்ளத் தகவல் பக்கத்துல மறுபடியும் வந்துட்டாரு பாருங்க. அந்தக் கிளி படம் வெச்ச ஆளு.

— என்னவாம்?

— அதே பாட்டுதான். "கீழ்த்தெரு கடைசி வீடு. மொட்டை மாடியில பெரியவர் ஒருத்தர் தனியா நிக்கிறார். படகு எங்கே?" இதோட பதினொரு தடவை. பேசாம பிளாக் பண்ணிடட்டுமா?

— பண்ணாத!

— யப்பா... எதுக்கு இப்படி எரிஞ்சு விழறீங்க?

— இல்லடா தம்பி... பதில் போடு.

— போட்டாச்சே. "தகவலுக்கு நன்றி. உதவி எண்ணை அழைக்கவும்."

— காலையிலேர்ந்து அடிக்கிறேன்... அடிக்கிறாங்க, யாரும் எடுக்கல.

— எப்படி எடுப்பாங்க? பக்கத்து ரூம்ல ரெண்டே பேரு, நாலு போன். சரி, நீங்க என்ன மேஜைக்கு அடியிலயே போனை நோண்டிக்கிட்டு இருக்கீங்க? மாமாகூட சண்டையா?

— வாயை மூடிட்டு வேலையப் பாரு. கீழ்த்தெருவுல தண்ணி எவ்வளவு?

— ஜன்னல் முங்கிடுச்சாம்.

— ஐயோ...

— விடுங்கக்கா. நம்ம பத்து மணிப் பதிவுக்கு என்ன வரவேற்பு தெரியுமா? "இரண்டு படகுகள் கிளம்பிவிட்டன. இருக்கும் இடத்திலேயே இருங்கள்." நாலாயிரம் பேரு பகிர்ந்திருக்காங்க!

— அதை நம்பித்தான்டா...

— எதை?

— அந்தப் பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரங்க லாரியில ஏறச் சொல்லிக் கூப்பிட்டாங்க. முட்டி வலியோட எதுக்கு லாரியில ஏறணும், படகு வருது, அங்கேயே இருங்கன்னு... அவரோட பொண்ணு சொல்லிட்டா.

— பொண்ணா? அது உங்களுக்கு எப்படிக்கா...

— அந்தக் கிளி படம் நான்தான்டா. மாடியில நிக்கிறது எங்கப்பா.

— அக்கா!

— இங்க வாயைத் திறந்தா, சொந்தக்காரனுக்குப் படகு கேக்கறாள்னு பேரு வரும். அதான் வெளியாள் மாதிரி கேட்டேன்...

— இருங்கக்கா, பக்கத்து ரூம்ல கேட்டுட்டு வரேன்.

— நேரா உன்கிட்டயே கேக்கறேன். கிளம்பி மூணு மணி நேரமாச்சு. படகு எங்க மாட்டிக்கிச்சு? ஏன்டா மூஞ்சியத் திருப்பிக்கிற? சொல்லேன்!

— படகு கிளம்பவே இல்லக்கா. ஜனங்க பதறக் கூடாது, எதையாவது போடுன்னு மேலேர்ந்து சொன்னாங்க... போன வருஷத்துப் பதிவை எடுத்து, தேதியை மட்டும் மாத்திப் போட்டுட்டேன்.