எக்ஸ்ரே ரூம்ல ஒரு பொண்ணு கேட்டுச்சி

ஜன்னல் சீட்டக் குடுத்தியே, நீ நல்லா இருக்கணும் அக்கா. இல்ல இல்ல, இப்போ வாந்தி வராது. வந்தாலும் கையில கவர் வச்சிக்கினுதான் கீறேன், உன் பொடவமேல படாது. திருத்தணி வர்றதுக்குள்ள எல்லாம் எடுத்தாச்சி, இனிமே வயித்துல இன்னா கீது? அதோ முன்னால, கொண்டையில கனகாம்பரம் வச்சிக்கினு தூங்குது பாரு, அது எங்க மாமியா. நான் வாந்தி எடுத்தா அதுக்குக் கொமட்டுதாம். அதான் தள்ளிப் போய் குந்திக்கிச்சி.

ஆமாக்கா, ரெண்டு மாசம். நீ பாத்தவொடனே கண்டுபுடிச்சிட்ட. ஆனா நான் யாருக்கும் சொல்லக் கூடாது. மூணு மாசம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, கண்ணு பட்டுடும், இது எங்க மாமியா போட்ட சட்டம். பக்கத்து வூட்டு சிவசங்கரி அக்கா, ஏம்மா மூஞ்சி வாடிகீதுன்னு கேட்டா, வெயிலு அக்கான்னு சொல்லணும். சரி, ஊர்ல சொல்லவேணாம், எல்லார் வூட்லயும் உள்ளதுதான். ஆஸ்பத்திரியிலயுமா மறைப்பாங்கோ?

மெட்ராசுக்கு அதுக்குத்தான் போனோம். எங்க வூட்டுக்காரு சுதீரு கனடாவுல கம்ப்யூட்டர் வேலையில கீறாரு. இப்பத்தான் லீவுல வந்துட்டுப் போனாரு. என்னையும் அங்கயே இட்டுக்கப் பேப்பர் போட்டுகீறாரு. அதுக்கு ஒடம்பு நல்லா கீதான்னு கனடாக்காரங்க சொல்ற டாக்டராண்டதான் காட்டணுமாம். நம்ம சித்தூர் டாக்டரு, திருப்பதி டாக்டரு சொன்னா ஒத்துக்கமாட்டாங்கோ.

அய்யோ, அந்த எடத்தப் பத்திக் கேக்காத. குளுரு ஒரு பக்கம், பினாயில் நாத்தம் ஒரு பக்கம். போட்டுக்கோன்னு ஒரு கவுன் குடுத்தாங்கோ. எனக்கு முன்னால எவ போட்டாளோ, அக்குள்ல ஈரம்கூட காயல. மூத்திரத்த டப்பாவுல புடிச்சி, அவ்ளோ பேர் எதுர்ல பிரசாதம் ஏந்திக்கினு போற மாதிரி எட்த்துக்கினு போறேன். தூ, நெனச்சாலே கொமட்டுது.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம் அக்கா. பேர் எழுதறவங்க கேட்டாங்கோ, கர்ப்பமா கீறீங்களாம்மான்னு. என்னத்தான் கேட்டாங்கோ. எங்க மாமியா முந்திக்கினு, அதெல்லாம் ஏமி லேதும்மா, ஏமி லேதுன்னுது. ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லசொல்ல அதுக்குத் தெலுங்குதான் வரும். என் தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு வேற.

அப்பால எக்ஸ்ரே. நெஞ்சுல எடுக்கணும், கழுத்துல தங்கம் ஆவாது, தாலியக் கழட்டுங்கன்னாங்கோ. ஒடனே எங்க மாமியா பையில கைய வுட்டு எடுக்குது பாரு, மஞ்சக் கயிறு! அதுல மஞ்சக் கொம்பு முடிஞ்சி, குங்குமம் வச்சி, வூட்லயே சாமி முன்னால வச்சி எட்த்தாந்துகீது. மொதல்ல இதக் கட்டிக்கோ, அப்பால தாலியக் கழட்டு, ஒரு நிமிஷம்கூடக் கழுத்து வெறுமனா இருக்கக் கூடாதுன்னு, அவ்ளோ பேர் பாக்க அதுவே கட்டிவுடுது. கனடாவுல கம்பளி போத்திக்கினு தூங்கற ஆம்பளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதாம். என் வயித்துல கீற அதோட பேரப்புள்ளைக்கு? ஏமி லேது. சீ!

உள்ள ஒரு சின்னப் பொண்ணு. கதவ சாத்திட்டு, மெஷினாண்ட போவறதுக்கு முன்னால திரும்பக் கேட்டுச்சி, நாள் ஏதாவது தள்ளிப்போயிருக்காக்கான்னு. அங்க கிள்ளறதுக்கு ஆளில்ல. ஆமாம்மான்னேன். சொல்லி வாய மூடல, அந்தப் பொண்ணு கால்மேலயே வாந்தி எட்த்துட்டேன். பாவம், ஒரு வார்த்த திட்டல. தண்ணி குடுத்து முதுகத் தடவிச்சி.

டாக்டரம்மா கூப்ட்டாங்கோ. வயித்த மூடிக்கினு எடுக்கலாம், பயமில்ல, உனக்கு இஷ்டம்னா கையெழுத்துப் போடு, இல்லன்னா கொழந்த பொறந்தப்பறம் வா, அதுவரைக்கும் உன் பேப்பர் நிக்கும்னாங்கோ. என்னப் பாத்துக் கேட்டாங்கக்கா. என் கல்யாணத்துக்குக்கூட என்ன யாரும் அப்டிக் கேக்கல. பொறந்தப்பறம் வரேன்னு சொல்லிட்டேன்.

எடுத்திருக்கலாந்தான். டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா போன வருஷம் ஒண்ணு தங்காமப் போச்சி அக்கா. அந்த பயம் இன்னும் போவல.

வெளிய வந்து எங்க மாமியா அந்தக் குதி குதிச்சுது. அங்கயே நின்னு புள்ளைக்குப் போன் போட்டுச்சி. அவரு இன்னா கேட்டாருன்ற? ஏன்டி வாயத் தொறந்தன்னு கேட்டாரு. வாந்தி நின்னுச்சா, துன்னியான்னு ஒரு வார்த்த இல்ல. எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்பூடும்னாரு. அப்பால அம்மாகிட்டக் குடுன்னாரு. அம்மாவும் புள்ளயும் தள்ளிப் போய் ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாங்கோ.

நகரியா? ஆமா, தாண்டிப்பூட்ச்சி. எங்க வூடு நகரிதான். எறங்கல, திருப்பதிக்கு டிக்கெட் எட்த்துகீது.

தரிசனமா! நீ ஒருத்தி. திருப்பதியில ஒரு நர்சிங் ஓம்ல நாளைக்குக் காலைல வரச்சொல்லிகீறாங்களாம். ரெண்டு மாசம்தானே, இன்னும் உசுரே வந்திருக்காது, சுத்தம் பண்ணிட்டா அடுத்த மாசம் போய் எக்ஸ்ரே எட்த்துக்கலாம், புள்ள எப்ப வேணா பெத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்கோ. ஓட்டல்ல இட்லி துன்னிக்கினே சொல்லுது அக்கா, சட்னிய வழிச்சிக்கினே. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, நான் சொல்லவேணாம்னது எவ்ளோ நல்லதாப் போச்சி பாருன்னுது.

அழல அக்கா. எனக்குக் கனடா வேணாம்னு இல்ல. ஆனா இது வேணும். இது எனக்கு வேணும்.

நீ புத்தூர்தானே? நானும் அங்கயே எறங்கறேன். எங்க அம்மா வூடு நாராயணவனம், அங்கிருந்து எங்க நைனா பைக் எட்த்துக்கினு வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு, மெசேஜ் போட்டுட்டேன். எங்க மாமியாவத் தாண்டித்தான் போவணும். முழிச்சிக்கினா கையப் புடிச்சி இழுக்கும், கத்தும். நீ ஒண்ணும் பேச வேணாம். படிக்கட்டு எறங்கற வரைக்கும் எனக்கும் அதுக்கும் நடுவுல வா, போதும்.

எழுந்துக்கோ அக்கா. புத்தூர் வந்துடுச்சி.