என் சாவு வீட்டுக்குப் பாம்பு பிடிக்க வந்தவர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருந்தகையீர்! திருவில்லிபுத்தூர் வணிகப் பெருமக்களே! இராசபாளையத்து ஆலைகளில் வேலை முடித்து, உறங்காமல் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! மடியில் பிள்ளையைக் கிடத்தியபடி என்னைப் பார்க்கும் தாய்மார்களே! கிருஷ்ணன்கோவிலிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்திறங்கிய இளையோரே! உங்கள் எல்லோரையும் உயிரோடு நின்று வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை ஐயா. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே எனக்கு மாலை போட்டுவிட்டார்கள்.

இன்று பாராட்டுப் பெற அமர்ந்திருக்கும் முனைவர் ரெனிட்டா, இராசபாளையத்து மில் ஃபிட்டரின் மகள். வெளிநாட்டு ஆய்வகம் அழைத்தும் போகாதவர். மேற்கு மலையின் சருகிலும் சகதியிலும் பாம்பையும் பல்லியையும் தேடி இருபத்தாறு ஆண்டுகள் திரிந்தவர். அவருடைய ஆய்வுகளை அறிஞர்கள் பேசட்டும். மகாராஜபுரத்துத் தமிழாசிரியை பாண்டிசெல்வியாகிய நான், அவர் என் சாவு வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம். அடைமழை. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். விடிகிற வேளையில் வயிற்றைப் பிசைந்தது. கணவரைக் கூப்பிட நினைத்தேன், நாக்கு எழவில்லை. இமை தானாக இறங்கியது. கை போனது. கால் போனது. கழுத்து போனது. காது மட்டும் போகவில்லை!

"ஏட்டி செல்வி! முழிச்சுப் பாருட்டி!" என்று என் கணவர் பால்பாண்டி உலுக்கினார். ஊரில் மருந்து கட்டுகிற பெரியவர் வந்து மூக்கருகே விரல் வைத்தார். என் மூச்சோ அவர் விரலுக்குத் தெரியாத அளவு மெலிந்திருந்தது. "முடிஞ்சு போச்சுப்பா. ஆக வேண்டியதப் பாருங்க."

இருக்கிறேன் என்று கத்தினேன். அந்தக் கத்தல் என் உதட்டைத் தாண்டவில்லை. கூடத்து பெஞ்சில் கிடத்தினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நூல் இறுகியது தெரிந்தது. சங்கு ஊதினார்கள். தனக்காக ஊதும் சங்கைத் தானே கேட்டவர் இந்த அவையில் உண்டா? பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா என்னைப் புகழ்ந்து ஒப்பாரி வைத்தார். என் கோலத்தைக்கூட ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர்! சிரியுங்கள், தாய்மார்களே. அன்று எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முகமில்லை.

பிறகு யாரோ என் பாயைச் சுருட்டினார்கள். "ஏலே, பாம்புலே!" என்று ஓர் அலறல். கட்டுவிரியன். கறுப்புடம்பில் வெள்ளை வளையமாம். கடித்தது தெரியாமலே உடலை மரக்கட்டையாக்கும் நஞ்சு. கம்பைத் தேடி ஓடினார்கள்.

"அடிக்காதிய!" என்றார் மாடத்தி அக்கா. "எழவு வீட்டுல இன்னொரு உசுரு போக வேண்டாம். பாம்பு மேடம் வத்திராயிருப்புலதான் இருக்காவ. போன் போடுதேன்."

ரெனிட்டா அம்மையார் வந்தார். பாம்பைத் துணிப்பையில் இட்டார். அவருடைய காலடி வாசலை நோக்கிப் போனது. போகிறார்... போகிறார்... போய்விட்டால்? அந்தக் காலடி நின்றது.

"இவிய எப்பம் இறந்தாவ?"

"காலையில. தூக்கத்துலயே."

என் கழுத்தில் ஒரு குளிர்ந்த விரல் பதிந்தது. "செத்த நேரம் யாரும் அழாதீங்க," என்றார். வீடு அடங்கியது. பிறகு என் காதருகே ஒரு குரல்: "டீச்சர், நான் ரெனிட்டா. நீங்க கேக்கிய, எனக்குத் தெரியும். பயப்படாதீங்க. உங்க மூச்ச நான் விடுதேன்."

பெரியவர் குறுக்கே வந்தார். "செத்தவள எழுப்பப் பாக்கியாம்மா? ஊருக்கு ஆகாது."

"ஐயா, கழுத்து துடிக்குது. கைய வச்சுப் பாருங்க."

பெரியவர் கை நீட்டவில்லை. என் கணவர் நீட்டினார். தொட்டதும் அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கால்விரல் கட்டைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஊர்க்காரர் ஒருவர் வண்டியை ஓட்ட, அதில் எப்போதும் வைத்திருக்கும் மூச்சுப் பையை அழுத்தியபடியே, திருவில்லிபுத்தூர் மருத்துவமனை வரை அம்மையார் என் நெஞ்சுக்குக் காற்றூட்டினார். என் காலடியில் துணிப்பைக்குள் அந்தக் கட்டுவிரியன் நெளிந்தது. கடித்ததற்கும் கடிபட்டவளுக்கும் ஒரே வண்டி! மூன்று நாள் இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. நாலாம் நாள் என் சுண்டுவிரல் அசைந்தது.

அந்தப் பாம்பை அவர் காட்டில் விட்டாராம். எனக்குக் கோபம் வந்தது, கேட்டேன். "அது உங்களத் தேடி வரல டீச்சர். எலியத் தேடி வந்துச்சு. நீங்க அது மேல பொரண்டு படுத்திருப்பிய," என்றார்.

பொறுங்கள், கைதட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. உறக்கத்தில் இறந்தவர்களின் வீடுகளைத் தேடி அவர் புறப்பட்டார்; நானும் உடன் போனேன். இமை தொங்கியதா? வயிறு வலித்ததா? வீடு வீடாகக் கேட்டார். செட்டியார்பட்டியில் அமிர்தவல்லி என்ற பெண் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பம்... நாங்க தூக்கிட்டுப் போகையில எங்க அப்பா கேட்டுக்கிட்டா இருந்தாவ?"

அம்மையார் பொய் சொல்லவில்லை. "தெரியலம்மா," என்றார். அவள் கையைப் பிடித்தபடி பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, கட்டில் கடைக்குப் போன் போட்டு விலை கேட்டார்.

மறுவாரமே கட்டிலும் கொசுவலையுமாக ஊர் ஊராக ஏறி இறங்கினார். தரையில் படுக்காதீர்கள், வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள், பாம்பை அடிக்காமல் கூப்பிடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். அன்று முதல் என் ஊரில் பாயில் படுத்தவர் எவரும் பாயிலேயே போகவில்லை. பாம்புகளும் பிழைத்தன!

ஆகவே கேட்கிறேன், என் மக்களே! மருத்துவர் சொல்லுமுன் இறந்தார் என்று சொல்ல நாம் யார்? அழுமுன் கழுத்தைத் தொடுங்கள்! கட்டுமுன் கழுத்தைத் தொடுங்கள்! சங்கை எடுக்குமுன் கழுத்தைத் தொடுங்கள்! கிடத்தப்பட்டவரின் அருகே நிற்கும்போது அன்பாக மட்டுமே பேசுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு நேரம் அசையாமல் அமர்ந்து கேட்ட அவையோருக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் காத்த தம்பிக்கும், முனைவர் ரெனிட்டா அவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.