கண்ணாடியில் காய்ந்த சந்தனம்

ஒரு சின்ன சேதி சொல்றேன். கேளுங்க... கைதட்ட வேணாம், கேட்டா போதும்.

நான் எழுத்துப் படிச்சவன் இல்ல. சூட்டைக் கண்டுபிடிக்கிற கருவி செய்யற கம்பெனியில இருபத்தோரு வருசம் தரை துடைச்சேன். அங்க செங்கமலம்னு ஒரு பொண்ணு. சாயம் பூசறது அது வேலை. துணிக்கா? இல்லய்யா... நகத்தளவு சிலிக்கான் சில்லுக்கு! கொதிக்கிற உலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வீசும். அகச்சிவப்புன்னு பேரு. சில்லு அதுக்குக் குருடு. மேல பூசின சாயம்தான் அந்த வெளிச்சத்தைக் குடிச்சு, மின்சாரமாக்கிச் சில்லுக்குக் கொடுக்கும். சூடு மிஞ்சினா மணி அலறும்.

எங்க உலைக்கு எதிரேயும் அப்படி ஒரு கருவி இருந்துச்சு. ஆயுத பூஜை வந்துச்சு. மேனேஜர் நந்தகோபால் எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சுக்கிட்டு வந்தாரு. கருவியோட கண்ணாடியில மூணு விரலால இழுத்தாரு பாருங்க, சந்தனத்தை!

செங்கமலம் ஓடி வந்துச்சு. "சார், அதுல வேணாம் சார். கண்ணு மறைஞ்சிடும்."

"சாமி காரியத்துல வாய் வைக்காத, போ!"

சாமிக்கு வெச்சதை எவன் துடைப்பான்? காஞ்சு ஒட்டிக்கிச்சு. மூணாம் நாள் உலை வெடிச்சது. உலைகிட்ட வேலை பார்த்த தணிகாசலத்துக்கு முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. மணி... அடிக்கவே இல்ல.

விசாரணையில மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? "சாயம் சரியில்ல. பூசினவளை வேலையை விட்டு அனுப்பு!"

எனக்குப் பத்திக்கிச்சு. தோள்ல கிடந்த துண்டை நனைச்சேன், வெடிப்புல தப்பின அந்தக் கருவியோட கண்ணாடியைத் துடைச்சேன், பக்கத்து உலை வாய்க்குக் கிட்டக்கக் கொண்டுபோய்ப் பிடிச்சேன். மணி அலறுச்சு!

"இப்ப சொல்லுங்க சார், சாயமா? சந்தனமா?"

"தரை துடைக்கிறவனுக்கு இங்க என்னய்யா வேலை?"

சுத்தி நூத்திப் பத்து பேரு நின்னாங்க. ஒருத்தன்... ஒரே ஒருத்தன் வாய் திறந்தானா? செங்கமலம் சோத்து டப்பாவை எடுத்துக்கிட்டுப் போச்சு. தணிகாசலம் கட்டுப்போட்ட கையோட வாசல் வரைக்கும் கூடப் போனான். அவ்வளவுதான்.

இன்னைக்கு இந்த ஆலையில என்ன நடக்குது? பாய்லர் சத்தம் மாறுதுன்னு நாலு தடவை சொன்னான் நம்ம மாசிலாமணி. நாலு தடவையும் "உன் வேலையைப் பாருடா"ன்னாங்க. வெடிச்சதும், "கவனிக்காம விட்டான்"னு வெளியே நிறுத்திட்டாங்க. பார்க்கிற கண்ணை மூடுறதும் அவங்க, கண்ணு குருடுன்னு தீர்ப்பு எழுதறதும் அவங்க!

அன்னைக்குத் துடைக்க என்கிட்ட ஒரு துண்டுதான் இருந்துச்சு, தம்பிகளா. இப்ப உங்க தோளைத் தொட்டுப் பாருங்க... எத்தனை துண்டு! தோள்ல கிடக்கவா அது? மாசிலாமணிக்காக எடுங்கய்யா கையில!